பிள்ளையின் போனை எட்டிப் பார்க்கலாமா?

பிள்ளைகள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பெற்றோர் கண்காணிக்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் வெளியிடவில்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கே தெரியாமல் அவள் போனில் ஒரு ஆப் போட்டுவிட்டால், அவளுக்கு வரும் மெசேஜ் எல்லாம் நம் போனுக்கு வந்துவிடுமாம். கணவரின் ஆபீஸ் நண்பர் சொல்லியிருக்கிறார். இவரும் போடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயமும் விடவில்லை.
- ஒரு தாய், திண்டுக்கல்

போட வேண்டாம். உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

முதலில் அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று கணவரிடம் சொல்லுங்கள். ஒளிந்திருந்து வேவு பார்க்கும் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கென்றே செய்த செயலியாக இருந்தாலும், தான் இயங்குவதைப் போன் திரையில் எந்நேரமும் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் இவற்றை ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து ஏபிகே ஃபைலாக (பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்வார்கள். அதை நிறுவும்போது 'பிளே புரொடெக்ட்' என்ற காவலை அணைக்கச் சொல்வார்கள். அடுத்து 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்பார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்காக உண்டான அனுமதி அது. அதைக் கொடுத்துவிட்டால் தோழி அனுப்பிய செய்தி, பாஸ்வேர்டு, வங்கி ஓடிபி என்று திரையில் வரும் அத்தனையையும் அந்தச் செயலி படிக்கும். படித்தது நேராக உங்கள் போனுக்கு வருவதும் இல்லை. யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. இந்தத் தொழிலில் பேர்போன எம்ஸ்பை நிறுவனத்திடமிருந்தே 2015, 2018, 2024 என்று மூன்று முறை தகவல்கள் கசிந்திருக்கின்றன. மகளைக் காப்பாற்ற என்று போட்ட செயலி, அவளுடைய படங்களை முன்பின் தெரியாதவர் கையில் சேர்த்துவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒளிந்து படித்ததை வைத்து நீங்கள் மகளிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. 'யார் அந்தப் பையன்?' என்று கேட்டால், 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று அவள் கேட்பாள். பேசாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால் வேறொரு காரணத்துக்குக் கோபமாக வெடிக்கும். அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். போன் சும்மாவே சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பிளே புரொடெக்ட் அணைந்திருப்பதாக எச்சரிக்கை வரும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இதெல்லாம் புரியும். அன்றிலிருந்து முக்கியமான பேச்செல்லாம் தோழியின் போனுக்குப் போய்விடும். நாளைக்கு எவனாவது மிரட்டினாலும் உங்களிடம் வரமாட்டாள். நீங்கள் பயப்படுவது அந்த நாளைப் பற்றித்தானே?

அதற்காகக் கண்காணிப்பே கூடாது என்று சொல்ல மாட்டோம். அவளுக்குத் தெரிந்து, அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள். யாரோடு பேசுகிறாள், எத்தனை மணி வரை, அந்நியர் உள்ளே வர வழி இருக்கிறதா என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். என்ன பேசினாள் என்பது வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான 'டீன் அக்கவுன்ட்' இந்தியாவில் 2025 முதல் இருக்கிறது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கிவிடும். 16 வயதுக்குக் கீழே என்றால் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி தேவை. உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து 'சூப்பர்விஷன்' அழைப்பு அனுப்பி அவள் ஏற்றுக்கொண்டால், கடந்த 7 நாளில் அவள் யார் யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்ற பட்டியலை நீங்கள் பார்க்கலாம். செய்தியைப் படிக்க முடியாது. இதெல்லாம் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கணக்குத் தொடங்கியபோது பிறந்த வருஷத்தைப் பொய்யாகக் கொடுத்திருப்பது. அக்கவுன்ட்ஸ் சென்டரில் 'பர்சனல் டீடெய்ல்ஸ்' பக்கத்தில் பிறந்த தேதி என்ன இருக்கிறது என்று அவளையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வாட்ஸப்பில், செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி'யைத் திறந்து, 'குரூப்ஸ்' என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' வையுங்கள். கண்டவர்கள் அவளைக் கண்ட குழுவில் சேர்க்க முடியாது. புரொஃபைல் படத்துக்கும் அதே. 'கால்ஸ்' பகுதியில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். மொத்தமே பத்து நிமிட வேலை.

ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு என் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுக்கப் போகிறேன். எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. எப்படி செட் பண்ணுவது?
- ஒரு தந்தை, ஆவடி

கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்கள். கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பூட்டுப் போடப் போனால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

பலரும் செய்கிற தவறு, தங்கள் கூகுள் கணக்கோடு அப்படியே போனைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. அப்படிக் கொடுத்தால் உங்கள் ஜிமெயில், போட்டோக்கள், சேமித்த பாஸ்வேர்டுகள், பிளே ஸ்டோரில் உள்ள கார்டு எல்லாமே பையன் கையில். நீங்கள் ராத்திரி யூடியூபில் பார்த்ததன் தொடர்ச்சி காலையில் அவனுக்கு வரும். பத்து வயதுப் பையனாக அல்ல, நாற்பது வயது ஆளாகத்தான் இணையம் அவனைப் பார்க்கும்.

எனவே படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுப் போன் போல ஆக்குங்கள். புதிதாகத் திறக்கும்போது குழந்தைக்கான கணக்கு என்று தேர்ந்தெடுத்து, அவனுடைய உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். உங்கள் போனில் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' செயலியை நிறுவுங்கள், காசு கிடையாது. இரண்டையும் இணைத்ததும், பையன் எந்தச் செயலியை இறக்கப் போனாலும் உங்களுக்கு அனுமதி கேட்டு வரும். ஒருமுறை அனுமதித்த செயலியை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் மட்டும் கேட்காது. ஆகவே முதல் அனுமதியை யோசித்துக் கொடுங்கள்.

பிறகு நேரம். நாளுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு, இரவு 9 முதல் காலை 6 வரை உறக்க நேரம் என்று இன்னொன்று. அதிலும் இரண்டாவதுதான் முக்கியம் என்போம். பகலில் அரை மணி கூடிப் போவது பெரிய விஷயமில்லை. போர்வைக்குள் ராத்திரி 12 மணிக்கு ஒளிரும் திரை அப்படியல்ல. தூக்கமும் கெடும், தப்பான ஆள் பேச வருவதற்கும் அதுதான் வசதியான நேரம். இரவில் போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும். உங்கள் போனும் அதே இடத்தில் இருந்தால் அவன் எதிர்த்துப் பேச வழியில்லை.

யூடியூபில் 9 வயது முதல் உள்ளவர்களுக்கான 'எக்ஸ்ப்ளோர்' அளவைத் தேர்ந்தெடுங்கள். குரோம் பிரவுசரில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வசதியைப் போடுங்கள். இந்தத் தடுப்பு குரோமில் மட்டும்தான். வேறு பிரவுசர் கேட்டு அனுமதி வந்தால் மறுத்துவிடுங்கள். 'வேகமாக ஓடும்' என்று காரணம் சொல்வான்.

எங்கே ஓட்டை விழும்? முதல் ஓட்டை உங்கள் போனின் பின் நம்பர். பையனுக்கு அது தெரிந்திருந்தால், நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் உங்கள் போனிலிருந்து தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்வான். போனைக் கொடுக்கும் அன்றே அதை மாற்றுங்கள். இரண்டாவது, விளையாட்டுச் செயலிகளுக்கு உள்ளேயே திறக்கும் இணையப் பக்கங்கள். குரோமின் வடிகட்டி அங்கே செல்லாது. மூன்றாவது நண்பனின் போன். அதற்குச் செட்டிங்ஸில் மருந்து கிடையாது. பேச்சுதான்.

இன்னொன்று. விளையாட்டின் நடுவில் நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டால், அணியில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் அவனைத் திட்டுவார்கள். அந்த ஆத்திரம் உங்கள் மேல்தான் பாயும். 'இன்னும் பத்து நிமிஷம்தான், புது ஆட்டம் தொடங்காதே' என்று முன்கூட்டிச் சொல்வது பாதிச் சண்டையைக் குறைக்கும்.

வாட்ஸப்புக்குக் குறைந்தபட்ச வயது 13. பள்ளியின் வீட்டுப்பாடக் குழு உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: செட்டிங்ஸில் உள்ள 'ஸ்கிரீன் டைம்' இதே வேலையைச் செய்யும். அதற்குக் கொடுக்கும் நான்கு இலக்கக் குறியீடு, போனைத் திறக்கும் குறியீடாக இருக்கவே கூடாது.

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். நாலு வயதுப் பேத்திக்கு என் போனில் கார்ட்டூன் போட்டுவிடுகிறேன். எதையோ தொட்டுவிடுகிறாள், பயங்கரமாக ஏதேதோ வருகிறது.
- ஒரு பாட்டி, மன்னார்குடி

அம்மா, தவறு உங்கள் மேல் இல்லை. சாதாரண யூடியூப் அந்த வயதுக்கு உண்டானதல்ல. 'யூடியூப் கிட்ஸ்' என்று தனிச் செயலி இருக்கிறது. அதில் நாம் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வருகிற மாதிரி வைக்கலாம். மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, இருபது முப்பது வீடியோவைத் தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்லுங்கள். போனின் செட்டிங்ஸில் 'பின்' என்று தேடினால் 'ஆப் பின்னிங்' வசதி வரும். அதைப் போட்டுவிட்டால் குழந்தை என்ன தொட்டாலும் அந்தச் செயலியை விட்டு வெளியே போகாது. வெளியேறும்போது பின் நம்பர் கேட்கும்படியும் வைத்துவிடச் சொல்லுங்கள். சாப்பாடு ஊட்டும்போது மட்டும் போன் வேண்டாம் அம்மா. உங்களுக்குத் தெரிந்த கதை போதும்.

எட்டாம் வகுப்பு மகன் ஒரு கேமில் 'டைமண்ட்' வாங்க என் கணக்கிலிருந்து 8,400 ரூபாய் செலவழித்திருக்கிறான். பணம் திரும்பக் கிடைக்குமா? இதைத் திருட்டு என்று எடுத்துக்கொள்வதா?
- ஒரு தாய், சேலம்

நேரம் முக்கியம். பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால், அதில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் செலவுப் பட்டியலைப் பாருங்கள். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒவ்வொரு வாங்குதலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். நாள் கடந்திருந்தால் விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கொடுக்கலாம், மறுக்கலாம்.

அடுத்து, எப்படிப் போனது என்று கண்டுபிடியுங்கள். கார்டு சேமித்திருந்து, ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும் அமைப்பு அணைந்திருந்தால், தொட்டதுமே பணம் போய்விடும். கார்டை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வாங்குதலுக்கும் அடையாளம் கேட்கும்படி வையுங்கள். யுபிஐ வழியாகப் போயிருந்தால் பெரும்பாலும் உங்கள் பின் நம்பர் அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம். 'ஆட்டோபே' என்று முன்கூட்டியே அனுமதித்த பிடித்தம் என்றால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்காமல் போகும். யுபிஐ செயலியில் அந்தப் பட்டியலைத் திறந்து, அறியாததை ரத்து செய்யுங்கள். பாதி விலையில் டைமண்ட் தருவதாகச் சொன்ன யாருக்காவது நேரடியாக அனுப்பியிருந்தால் அது மோசடி. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

திருட்டா என்று கேட்டீர்கள். கேட்காமல் எடுத்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விளையாட்டுகளில் ரூபாயைக் கண்ணில் காட்டுவதே இல்லை. முதலில் டைமண்டாக மாற்றிவிடுகிறார்கள். 800 டைமண்ட் என்றால் வீட்டின் எந்தச் செலவுக்குச் சமம் என்று பையனுக்குத் தெரியாது. அந்தப் பட்டியலைக் காகிதத்தில் அவனையே எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். கைச்செலவுப் பணத்திலிருந்து மாதம் இவ்வளவு என்று அவன் திருப்பித் தரட்டும். போனை உடைத்துவிடாதீர்கள். அடுத்த முறை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான்.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டு என்றால் விஷயம் வேறு. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றைத் தடை செய்கிறது. அப்படி ஒன்று போனில் இருந்தால் யார் லிங்க் அனுப்பினார்கள் என்று விசாரியுங்கள்.

வீட்டு வைஃபையிலேயே ஆபாசத் தளங்களைத் தடுக்க முடியுமா?
- ஒரு தந்தை, கோவை

முடியும், ஓரளவுக்கு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் கொடுங்கள். இது கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்காக இலவசமாக நடத்தும் சேவை. இணைய முகவரியைத் தேடும் கட்டத்திலேயே அப்படிப்பட்ட தளங்களை மறித்துவிடும். சில நிறுவனங்கள் தரும் ரவுட்டரில் இந்த இடம் பூட்டியிருக்கும். வாடிக்கையாளர் சேவையில் கேட்க வேண்டும். மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலியைப் போட்டாலோ இந்தத் தடுப்பு நிற்காது. சின்னப் பிள்ளை தற்செயலாகப் போய் விழாமல் தடுக்கும். தேடிப் போகும் பதினாறு வயதுக்காரனைத் தடுக்காது.

ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் தடை செய்துவிட்டால் பெற்றோருக்கு இந்தத் தலைவலி இருக்காதே?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் நிறுவனங்களுக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. நம் நாட்டில் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. நிறுவனங்களை இப்படிக் கட்டுவது நியாயம் என்றே நினைக்கிறோம். ஆனால் கணக்கே இல்லாமல் வீடியோ பார்க்கலாம், விளையாட்டில் அரட்டை அடிக்கலாம். தலைவலி குறையும், போகாது.

அவசரம். என் 14 வயது மகள் இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவனுக்குப் படம் அனுப்பிவிட்டாள். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறான். கணக்கை அழித்துவிடலாமா?
- ஊரும் வேண்டாம்

இந்தக் கடிதத்துக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் தருகிறோம்.

கணக்கை அழிக்காதீர்கள், சாட்சி போய்விடும். பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். மகளை அடிக்காதீர்கள், இரவில் தனியே விடாதீர்கள். 'தப்பு செய்தவன் அவன். நாங்கள் உன்னோடு இருக்கிறோம்' என்பதை அவள் முதலில் கேட்க வேண்டும்.

பிறகு அவனுடைய கணக்கின் பெயரும் பக்கமும், மிரட்டல் செய்திகள் தேதி நேரத்தோடு, பணம் கேட்ட யுபிஐ முகவரி, போன் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மகளின் படத்தை மட்டும் பிரதி எடுக்கவோ, உதவி கேட்டு உறவினருக்கு அனுப்பவோ கூடாது. அக்கறையோடு அனுப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அது சிக்கலாகும். போலீஸாரிடம் இருக்கிறபடியே காட்டினால் போதும். இதெல்லாம் முடிந்தபின் அவனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது; அமெரிக்காவில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்துகிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடும் ஓர் எண் மட்டும் போகும். அந்த எண்ணை வைத்து, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதே படம் ஏறினால் பிடித்துவிடும். வாட்ஸப் போன்ற பூட்டிய உரையாடல்களுக்குள் இது செல்லாது.

புகாருக்கு மூன்று வழி: குழந்தைகள் உதவி எண் 1098, மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம், பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம். அந்தத் தளத்தில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள் குறித்துப் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஸ்டேஷனுக்குப் பெண்ணைக் கூட்டிப் போவதா என்ற தயக்கம்தான் பல குடும்பங்களை முடக்கிப் போடுகிறது. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் இதற்கென்றே வழி வைத்திருக்கிறது: பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, அடையாளம் ஊடகங்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பா தினமும் என் போனை வாங்கி எல்லா சாட்டையும் படிக்கிறார். இது தெரிந்ததும் ஃப்ரெண்ட்ஸ் எனக்கு மெசேஜ் அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?
- ஒரு மாணவி, தூத்துக்குடி

உன் வருத்தம் நியாயமானது. உன் தோழிகள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை உன்னை நம்பித்தான் எழுதுகிறார்கள். அதைப் படிக்க அவர்கள் உன் அப்பாவுக்கு அனுமதி தரவில்லை. இதை அவரிடம் சொல். 'என் போனைப் பார்க்காதீர்கள்' என்று தொடங்கினால் கேட்கமாட்டார். 'என் தோழி எழுதியதை நீங்கள் படிப்பது அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்றால் யோசிப்பார்.

வெறுமனே விட்டுவிடச் சொல்லாதே. பதிலுக்கு ஒன்று கொடு. இன்ஸ்டாகிராமில் அவருக்குச் சூப்பர்விஷன் கொடு. டியூஷன் போய் வரும் நேரம் வாட்ஸப்பில் லைவ் லொகேஷன் அனுப்பு. இரவு 10 மணிக்குப் போனை ஹாலில் வைத்துவிடு. தெரியாத ஆள் செய்தி அனுப்பினால் அன்றைக்கே காட்டுவதாகச் சொல். பதிலுக்கு அவர் சாட்டைப் படிக்க வேண்டாம். இதை ஒரு தாளில் எழுதி, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று தேதி போட்டு நீட்டு. என்றென்றைக்கும் என்றால் மறுப்பார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு.

இந்தப் பக்கத்தை அவரே படிக்க நேர்ந்தால், அவருக்கு ஒன்று: மகளிடம் போனை வாங்கும் நேரத்தில், 'இன்றைக்கு யாராவது உன்னைத் தொந்தரவு செய்தார்களா?' என்று கேட்டுப் பாருங்கள் ஐயா. முதல் வாரம் 'இல்லை' என்றுதான் சொல்வாள். தொடர்ந்து கேளுங்கள்.